செவலையின் கால்: எடுப்பதா, விடுவதா?

பதிவு கொஞ்சம் நீளம். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பறையில் நின்று வரலாறு பேசிய ஆளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. சாவகாசமாகப் படியுங்கள்.

‘நாய்க்கு எங்கே அடிபட்டாலும் காலைத்தான் நொண்டும்’ என்று ஒரு சொலவடை உண்டு. எங்கள் செவலைக்குப் போன மாசி மாதம் நிஜமாகவே காலில்தான் அடிபட்டது. தெருமுனையில் பின்பக்கமாக வந்த லோடு ஆட்டோ வலது பின்னங்காலில் ஏறி இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. செவலைக்கு வயது பதினொன்று. நாட்டு நாய். நான் ஓய்வுபெற்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, “ரிட்டையர் ஆனா வீட்டுக்கு ஒரு வேலைக்காரன் வேணும்னுதானே?” என்று மனைவி கேலி செய்தாள். கடைசியில் நான்தான் அவனுக்கு வேலைக்காரன் ஆனேன்.

முதல் வாரம் காலைக் காப்பாற்றத்தான் பார்த்தோம். புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, ஊசி மருந்து கொடுத்தார் கால்நடை மருத்துவர். அவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. பாதம் சில்லிட்டிருந்தது. விரல்களுக்கு நடுவே இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சார், பாதத்துக்கு ரத்த ஓட்டம் இல்லை. உணர்ச்சியும் போயிடுச்சு. இனி இந்தக் கால் வராது. விட்டா விஷம் உடம்புக்குள்ளே ஏறும். காலை எடுத்துடலாம். வயசாயிடுச்சு, அந்தச் சிரமம் வேண்டாம்னு நீங்க நினைச்சா வலியில்லாம அனுப்பிவைக்கவும் வழி இருக்கு. ரெண்டு நாளுக்குள்ளே சொல்லுங்க. அதுக்கு மேலே தள்ளக்கூடாது.”

வீட்டுக்கு வந்தோம். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், “அப்பா, பாவம், அதைக் கஷ்டப்படுத்தாதீங்க. ஒரு ஊசியோட முடிச்சிடுங்க” என்றான். பக்கத்து வீட்டுக்காரர், “மூணு காலோட இழுத்துக்கிட்டு அலையறதுக்கு அதுவே மேல் சார்” என்றார். இரண்டு பேருமே இரக்கத்தோடுதான் சொன்னார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அப்படிப் பட்டதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டு ராத்திரியும் தூக்கம் வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வான்? புத்தக அலமாரியைத்தான் கிண்டுவான். காலை வெட்டி எடுக்கும் இந்த வேலையை மனிதன் எப்போது ஆரம்பித்தான், எதற்குப் பயந்தான், எப்படிப் பயம் தெளிந்தான் என்று தேடிக்கொண்டிருந்தேன். படித்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

இந்தோனேசியாவின் போர்னியோ தீவில், கிழக்குக் காளிமந்தான் பகுதியில், லியாங் தெபோ என்று ஒரு குகை. 2020-இல் அங்கே ஓர் இளைஞரின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 31,000 ஆண்டுகள் பழையது. இடது காலின் கீழ்ப்பகுதியும் பாதமும் இல்லை. மண்ணில் தொலைந்துபோகவும் இல்லை. குழந்தைப் பருவத்தில் வெட்டி எடுக்கப்பட்டு, எலும்பின் முனை ஆறி மூடியிருந்தது. அதற்குப் பிறகு ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்திருக்கிறார். 2022-இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது உலகமே வியந்தது. இரும்பு இல்லை, விவசாயம் இல்லை, ஊர் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் காலை எடுக்கவும், ரத்தத்தை நிறுத்தவும், புண் ஆறும்வரை சோறூட்டி, காட்டிலும் மேட்டிலும் தூக்கிக்கொண்டு திரியவும் ஆள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு எலும்புக்கூடு ஒரு நாய்க்குட்டியுடையது. ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் கல்குவாரியில் கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண், ஒரு பெண் இவர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட குட்டி. ஏழு மாதம்தான் அதற்கு வயது. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோய் அதற்குப் பல வாரம் இருந்தது என்றும், யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்துச் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டிராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்காது என்றும் 2018-இல் எழுதினார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி. அதற்கு எவரோ ராத்திரி கண் விழித்திருக்கிறார்கள். செவலை பக்கத்தில் முனகிக்கொண்டு கிடக்க, இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சரி, காலை எடுப்பதற்கு மனிதன் ஏன் அப்படி நடுங்கினான்? மூன்று பயங்கள்: ரத்தம், வலி, சீழ். இந்த மூன்றையும் வெல்ல முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் ரத்தம். பிரான்ஸில் அம்புருவாஸ் பரே என்று ஒரு படை வைத்தியர். முறையாக லத்தீன் படித்த மருத்துவர் இல்லை, நாவிதர் வழியில் வந்த சத்திர வைத்தியர். நம் ஊரிலும் ஒரு காலத்தில் சவரக் கத்தி பிடித்தவர்களே கட்டியைக் கீறி வைத்தியம் பார்த்தார்கள் அல்லவா? அப்படித்தான் அங்கேயும். அவர் காலத்தில் வெட்டிய காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுட்டுத்தான் ரத்தத்தை நிறுத்துவார்கள். 1552-இல் தான்வில்லே முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்ட ஒருவரின் காலை எடுத்தபோது, பரே இரும்பை ஒதுக்கிவிட்டு ரத்தக் குழாயை நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டினார். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் செய்வதும் அடிப்படையில் அந்த முடிச்சுதான்.

அடுத்தது வலி. மயக்க மருந்து இல்லாத காலத்தில் நல்ல சத்திர வைத்தியர் என்றால் வேகமானவர் என்று பொருள். நெப்போலியனின் படை வைத்தியர் லாரே, 1812-இல் பொரோதினோ போரின்போது ஒரே நாளில் சுமார் 200 பேருக்குக் கை கால்களை எடுத்தார். ஒவ்வொருவரும் விழிப்போடு இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் சிறுவயதில் அம்மை கண்டு முழங்கால் கெட்டு, 1768-இல் வலது காலை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு வருஷா வருஷம் அந்த நாளைப் பண்டிகை போல நினைவு வைத்துக்கொண்டார். அந்தக் கால் அவரை எத்தனை வருஷம் படுத்தியிருந்தால் அப்படிக் கொண்டாடத் தோன்றும்!

1846 அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒருவரை மயங்க வைத்தார். இரண்டே மாதம். டிசம்பர் 21-இல் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் தொடையை அறுத்தார். அரை நிமிடத்தில் கால் தனியாக வந்துவிட்டது. “எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?” என்று அந்த நோயாளி பிறகு கேட்டதாகச் சொல்வார்கள்.

மூன்றாவது சீழ். செவலையின் கதைக்கு நேராக வருவது இதுதான். அந்தக் காலத்தில் எலும்பு உடைந்தாலும் தோல் கிழியாவிட்டால் பிழைக்கலாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் காலை எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சாவு. எடுத்தாலும் பாதிப் பேர் சீழ் பிடித்துச் செத்தார்கள். 1865 ஆகஸ்ட்டில் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுப் பையன் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. செவலைக்கு வந்தது போலவே எலும்பு வெளியே தெரிந்த முறிவு. ஜோசப் லிஸ்டர் காலை எடுக்கவில்லை. சாக்கடை நாற்றத்துக்குத் தெளித்துக்கொண்டிருந்த கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துப் புண்ணில் வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது. பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். லிஸ்டர் கணக்கு வைத்திருந்தார். புது முறைக்கு முன் கை கால் எடுத்த 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். புது முறைக்குப் பின் 40 பேரில் 6 பேர்.

ஆக, காலைக் காப்பாற்றவும் வழி வந்தது. காப்பாற்ற முடியாதபோது எடுத்து, ஆளைப் பிழைக்க வைக்கவும் வழி வந்தது. எங்கள் செவலைக்கு முதல் வழியைத்தான் ஒன்பது நாள் முயன்றோம். ரத்தக் குழாயே நசுங்கிப் போனதால் அது பலிக்கவில்லை.

இதெல்லாம் மனிதர் கதை. நாய்க்கு யார் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள்.

விலங்குகளுக்கு முறையான மருத்துவப் படிப்பு உலகத்திலேயே முதலில் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கியது. ஆரம்பித்தவர் க்ளோத் பூர்ஜெலா, ஆண்டு 1761. நம் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வந்தது. அந்தக் காலத்துக் கால்நடை மருத்துவத்தின் கவலையெல்லாம் மாடும் குதிரையும்தான். ஏர் இழுப்பது, வண்டி இழுப்பது, படைக்குப் போவது. கால் போன மாட்டுக்கும் குதிரைக்கும் வேலை இல்லை. வேலை இல்லாததற்கு வைத்தியமும் இல்லை.

குதிரை விஷயத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. அரை டன் எடையை மூன்று காலில் தாங்க முடியாமல், நன்றாக இருக்கும் கால்களின் குளம்பும் கெட்டுப்போகும். அமெரிக்காவின் பார்பரோ என்ற பந்தயக் குதிரை 2006-இல் கென்டக்கி டெர்பியில் ஜெயித்தது. இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. எட்டு மாதம் பெரும் செலவு செய்து பார்த்தார்கள். மற்றக் கால்களின் குளம்பு நோய்தான் கடைசியில் அதை வென்றது. 2007 ஜனவரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். ‘கால் போனால் கதை முடிந்தது’ என்ற எண்ணம் நமக்குக் குதிரையிலிருந்து வந்ததாக இருக்கலாம். பத்தொன்பது கிலோ நாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ரிக் வேதத்தில் விஷ்பலா என்றொரு பெயர் வருகிறது. போட்டியில் கால் இழந்த விஷ்பலாவுக்கு அசுவினி தேவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக உலோகக் கால் பொருத்தினார்களாம். வீராங்கனை என்று பலர் சொல்கிறார்கள். அது பெண்ணல்ல, பந்தயப் பெண்குதிரை என்று வாசித்த அறிஞர்களும் உண்டு. அப்படியானால், கால் போன விலங்கைக் கைவிடக் கூடாது என்ற ஆசை எவ்வளவு பழையது பாருங்கள்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு சம்பவம் சொல்வார்கள். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது, ஊரில் ரோஜர் என்ற கிழ இடையரின் நாய் காப்பின் காலில் பையன்கள் கல்லெறிந்துவிட்டார்கள். கால் ஒடிந்தது, இனி ஆடு மேய்க்க ஆகாது என்று இடையர் அதைத் தூக்கில் போட முடிவு செய்து கயிறு தேடிக்கொண்டிருந்தார். ஃபுளோரன்ஸும் கூட வந்த பாதிரியாரும் நாயைப் போய்ப் பார்த்தார்கள். பாதிரியார் காலைத் தடவிப் பார்த்தார். ஒடியவில்லை, பலமான அடிதான். ஃபுளோரன்ஸ் சுடுநீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார். சில நாளில் காப் நடந்தது. பின்னாளில் கிரிமியப் போர்முனையில் விளக்கோடு நடந்தவரின் முதல் நோயாளி ஒரு நாய் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பாதிரியார். தூக்குக் கயிறு தயாராகிக்கொண்டிருந்தது. அவர் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தார்.

இன்னொன்று இருக்கிறது. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரம் பயன்படுத்தினார். இரண்டே மாதத்தில், 1848 ஜனவரியில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் கால் நகம் எடுக்கக் குளோரோபாரம் கொடுத்ததில் இறந்துபோனாள். இதயம் நின்றதா, மூச்சு நின்றதா? மருத்துவர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க நம் பக்கத்து ஹைதராபாத்தில், நிஜாமின் பணத்தில், ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் லாரி முன்னின்று 1888-89-இல் இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. ஆராய்ச்சி யார்மேல்? நூற்றுக்கணக்கான விலங்குகள்மேல். அவற்றில் பெரும்பகுதி நாய்கள். குளோரோபாரம் கொடுத்து, மூச்சு எப்போது நிற்கிறது, இதயம் எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொண்டே சாகவிட்டார்கள். மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. இதயமும் திடீரென்று நிற்கக்கூடும் என்பதை 1911-இல் லெவி என்பவர் நிரூபித்தார். அன்றிலிருந்து இரண்டையும் கவனிக்க வேண்டும் என்று ஆயிற்று.

மனிதன் வலியில்லாமல் கத்தியின் கீழ் படுக்க, பேர் தெரியாத தெரு நாய்கள் எத்தனையோ செத்திருக்கின்றன. ஹைதராபாத்தில் பிடித்து வரப்பட்ட அந்த நாய்களில் செவலை நிறத்திலும் இருந்திருக்கும்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

1994-இல் என் அப்பாவுக்குச் சர்க்கரையால் இடது பாதத்தில் புண். கட்டை விரலில் தொடங்கி மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் பிழைப்பார் என்றார் டாக்டர். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “முழுசா வந்தேன், முழுசாவே போறேன்.” நான் படித்தவன், வாத்தியார், ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவன். அப்பாவிடம் ஒரு தடவைக்கு மேல் பேசவில்லை. அவர் முடிவு, அவர் உடம்பு என்று விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். அவர் சொன்னதை மதித்தேனா, இல்லை அப்பாவை ஒற்றைக் காலோடு பார்க்க எனக்குத் தைரியம் இல்லையா என்று இத்தனை வருஷம் ஆகியும் எனக்கே விளங்கவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி இதை மனைவியிடம் சொன்னேன். “அப்பா மாதிரி இவனும் முழுசாப் போகட்டும்னு தோணுது” என்றேன். அவள் செவலைக்கு மோர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் கையால் கொடுத்தால்தான் தின்பான். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“மாமா வேண்டாம்னு சொன்னாரு. அவருக்கு வாய் இருந்துச்சு. இது எப்பங்க சொல்லுச்சு?”

அதற்கு மேல் என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். வரலாற்றில் நாம் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறவர்கள் எல்லாரும் தாங்களே முடிவு செய்தவர்கள். வெட்ஜ்வுட் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். பிரெஞ்சு நாடக நடிகை சாரா பெர்னார் 1915-இல், எழுபது வயதில், எடுத்துவிடுங்கள் என்று தானே கேட்டு வலது காலை எடுத்துக்கொண்டார். மரக்கால் வேண்டாம் என்று நாற்காலியில் தூக்கிப் போகச் சொல்லி, போர்முனைக்கே போய்ப் படைவீரர்கள் முன் நடித்தார். எட்டு ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். நம் பொற்கைப் பாண்டியன் கதையில் ராஜா தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். 1981-இல் திருச்சிக்குப் பக்கத்தில் விபத்தில் சிக்கிக் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மேடையேறிப் பரதம் ஆடினார். ஆடியே தீருவேன் என்ற பிடிவாதம் அவருடையது.

நாய்க்கு அந்த மாதிரி ஒரு வாக்குமூலம் கிடையாது. அதனால் அதன் இடத்தில் நாம் நம் பயத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். ‘மூன்று காலோடு வாழ்வது கேவலம்’ என்பது யாருடைய நினைப்பு? அப்பாவுடையது, என்னுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. செவலைக்கு ஊர் என்ன சொல்லும் என்ற கவலை உண்டா? கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறானா? அவனுக்குத் தெரிந்தது வலி ஒன்று, பசி ஒன்று, நாங்கள் பக்கத்தில் இருக்கிறோமா என்பது ஒன்று. இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை டாக்டரிடம் போனேன். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பழைய மாணவி சிரித்துவிட்டார். “சார், இன்னைக்கு எனக்கு ஓரல் டெஸ்ட்டா?”

“பதினொரு வயசும்மா. மயக்க மருந்து தாங்குவானா?”

“வயசு வியாதி இல்லை சார். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம். ரத்தம் பார்ப்போம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்போம். மத்த மூணு காலும் எப்படின்னு பார்ப்போம். இடது இடுப்பில் மூட்டுத் தேய்மானம் நிறைய இருந்தா, இல்லை சிறுநீரகம் கெட்டிருந்தா, நானே ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடுவேன். அப்ப வலியில்லாம அனுப்பறதுதான் தர்மம்.”

“மூணு காலில் நடப்பானா?”

“நாய் உடம்பில் முக்கால்வாசி பாரம்னு சொல்லமாட்டேன், ஆனா சுமார் 60 சதவீதம் முன்னங்கால்லதான் சார். போனது பின்னங்கால். அவன் இப்பவே ஒன்பது நாளா மூணு காலில்தானே நடக்கிறான்? அந்த நாலாவது காலைச் சுமந்துக்கிட்டு நடக்கிறதுதான் கஷ்டம்.”

இது எனக்கு உறைத்தது. அவன் கால் ஒன்பது நாளுக்கு முன்பே போய்விட்டது. நாங்கள்தான் இருக்கிறதாக நினைத்து எடுப்பதா விடுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொன்னார். மனிதருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு காலை விட்டுவைப்பார்கள், செயற்கைக் கால் பொருத்துவதற்காக. நாய்க்கு நேர்மாறு. கீழே கொஞ்சம் விட்டுவைத்தால் அதை ஊன்றப் பார்த்துத் தரையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் தொடையின் நடுவிலோ அதற்கு மேலோ எடுத்துவிடுவார்களாம்.

கடைசியாக, எல்லாரும் டாக்டரிடம் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். “உன் நாயா இருந்தா என்னம்மா செய்வே?”

கொஞ்சம் யோசித்தார். “சாப்பிடுறானா சார்?”

“உங்க அம்மா கையால கொடுத்தா சாப்பிடுறான்.” என் மனைவியை அவர் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

“வாசல்ல ஆள் வந்தா தலையைத் தூக்குறானா?”

“பால்காரரைப் பார்த்து நேத்துக்கூடக் குரைச்சான்.”

“அப்ப நான் எடுப்பேன் சார்.”

ரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகம் வயதுக்குத் தக்கபடி, பரவாயில்லை. இதயம் சுத்தம். இடது இடுப்பில் தேய்மானம் கொஞ்சம்தான். மறுநாள் காலை ஆபரேஷன். கதவுக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தேன். செவலையின் நாக்கில் ஒரு கிளிப், பக்கத்தில் சின்னத் திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று இதயம், ஒன்று மூச்சு என்றார் உதவியாளர். ஹைதராபாத் நாய்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்தக் கடன் கொஞ்சமாவது ஒரு நாய்க்கே திரும்பி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் நானும் மனைவியும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சுமார் ஒன்றரை மணி நேரம். அப்பாவுக்காக அந்த மாதிரி ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஐந்து மாதம் ஆகிறது. முதல் மூன்று நாள் வயிற்றுக்கடியில் துண்டைப் போட்டுத் தூக்கிப் பிடித்து நடத்தினோம். நாலாம் நாள் துண்டை உதறிவிட்டு, கோணலாகக் குதித்துக் குதித்துக் கொல்லைக்குப் போய்த் தன் வேலையை முடித்துவிட்டு வந்தான். மொசைக் தரை வழுக்குகிறது என்று கூடத்திலிருந்து கொல்லை வரை சாக்கு விரித்திருக்கிறோம். வீடு ரேஷன் கடை மாதிரி இருக்கிறது. எடை கூடக்கூடாது என்பதால் சோற்றைக் குறைத்தாயிற்று. அதில்தான் அவனுக்குப் பெரிய வருத்தம். மாடிப்படி ஏறுவதில்லை. முன்னெல்லாம் சாயங்காலம் என்னோடு மொட்டைமாடிக்கு வருவான். இப்போது கீழ்ப்படியில் உட்கார்ந்து நான் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் நானும் மாடிக்குப் போவதைக் குறைத்துவிட்டேன்.

எல்லாருடைய நாய்க்கும் இதுவே சரி என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை வேறு மாதிரி வந்திருந்தால் நாங்களும் அந்த ஊசிக்குத்தான் சம்மதித்திருப்போம், அதுவும் அன்புதான். ஆனால் முடிவெடுக்கும் முன் அந்தப் பாதிரியாரைப் போலக் காலைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம், பேசுவது நாயின் வலியா, நம்முடைய கூச்சமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. வலது காது அரித்தால் செவலை தலையைச் சாய்த்துக்கொள்வான். இல்லாத காலின் மிச்சம், அந்தத் தொடைத் துண்டு, வேகமாக ஆடும். காதை எட்டாது. அப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் போய்ச் சொறிந்துவிடுவேன்.

இதைத் தட்டச்சு செய்யும் நேரத்துக்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்